கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள்: கடை முகப்பு டிஸ்ப்ளே, கேள்வி பதில்

பெருநகரக் கடைவீதிகளில் முகப்பு டிஸ்ப்ளே செய்பவர்களும் கடை நடத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

பகலில் எங்கள் ஷோகேஸுக்குள் இருக்கும் எதுவுமே தெரிவதில்லை. எதிர்க் கட்டடமும் போகிற வருகிற பஸ்ஸும்தான் தெரிகின்றன. இரவில் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. இன்னும் இரண்டு ஸ்பாட் லைட் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. கண்ணாடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்புகள். ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மொத்தம் 8 சதவீதம். கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் உச்சி வெயிலில் எதிர்ச் சுவரில் 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழுகிறது என்று வையுங்கள். உங்கள் கண்ணாடியில் தெரியும் அந்தச் சுவரின் பிம்பம், 4,000 லக்ஸ் வெளிச்சம் பட்ட ஒரு சுவர் உள்ளேயே நிற்பதற்குச் சமம். உங்கள் துணிமேல் 1,000 லக்ஸ் விழுந்தால் அதிகம். பிம்பம்தான் ஜெயிக்கும். இரண்டு ஸ்பாட் லைட்டைக் கூட்டினால் 1,000 என்பது 1,500 ஆகும், கரன்ட் பில் ஏறும், அவ்வளவுதான்.

முதலில் பின்சுவரைப் பாருங்கள். அது கறுப்பு வெல்வெட்டாகவோ அடர்நீலமாகவோ இருந்தால் பாதிக் காரணம் அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு இருந்தால் அது முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். பின்சுவரை வெளிர் நிறத்துக்கு மாற்றி, அந்தச் சுவருக்கென்று தனியாக வெளிச்சம் கொடுங்கள். அடுத்து, முக்கியமான பொருளைக் கண்ணாடியிலிருந்து 40 முதல் 60 செ.மீ.க்குள் கொண்டுவாருங்கள். ஒன்றரை மீட்டர் உள்ளே நிற்கும் பொருள் பகலில் காணாமல் போய்விடும். கண்ணாடிக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிழல்கூரை இருந்தால் வானத்தின் பிம்பம் குறையும்; நடைபாதையின் வெயிலும் தணியும். இவ்வளவுக்கும் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

கடையையே புதுப்பிக்கிறீர்கள் என்றால், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி கிடைக்கிறது. 8 சதவீதம் என்பது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். விலை கூடுதல், துடைக்கும்போது கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு வருவதற்கு முன்பே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். லண்டன் பிக்காடிலியில் 1936-ல் திறந்த சிம்ப்சன்ஸ் கடையின் முகப்புக் கண்ணாடி உள்பக்கமாக வளைந்தது. தெருவின் பிம்பம் பார்ப்பவர் கண்ணுக்கு வராமல் விலகிப்போகும்.

எதை மாற்றினாலும் காலை 10, பிற்பகல் 1, மாலை 4 மணிக்கு வெளியே போய், மக்கள் நடந்துவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். கடைக்குள் நின்றுகொண்டு இதைத் தீர்மானிக்கவே முடியாது.

ஸ்பாட் லைட் வாங்கப் போனால் 15 டிகிரி, 24 டிகிரி, 36 டிகிரி என்கிறார்கள். எதை வாங்குவது? மேலே நடு சீலிங்கில் போட்டிருக்கிறோம். பொம்மையின் முகம் இருட்டாக இருக்கிறது.

முகம் இருட்டாக இருப்பதற்கு டிகிரி காரணமில்லை, விளக்கு இருக்கும் இடம் காரணம். தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் நெற்றியும் தோளும் வெளுத்துப்போகும், கண்குழியும் இடுப்புக்குக் கீழும் இருண்டுவிடும். விளக்குகளை மாட்டும் ட்ராக் சட்டத்தைக் கண்ணாடிக்கு 20 முதல் 30 செ.மீ. பின்னால், மேலே, உள்பக்கம் பார்த்தபடி மாட்டுங்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 முதல் 40 டிகிரி சாய்வில் வெளிச்சம் விழுந்தால் முகம் தெரியும், துணியின் நெசவும் மடிப்பும் எழுந்து நிற்கும். ஒரே பக்கத்திலிருந்து கொடுத்தால் மறுபக்கம் செத்துப்போகும். இடப்பக்கம் ஒன்று அழுத்தமாக, வலப்பக்கம் ஒன்று மெல்லியதாக வையுங்கள்.

டிகிரி என்பது ஒளி விரியும் அளவு. 2 மீட்டர் தூரத்தில் 15 டிகிரி விளக்கு சுமார் 53 செ.மீ. வட்டம் போடும், 24 டிகிரி 85 செ.மீ.; 36 டிகிரி 130 செ.மீ. கைப்பை, காலணி என்றால் 15. ஒரு பொம்மையின் மேல்பாதிக்கு 24. பின்சுவர் முழுக்க வெளிச்சம் பரப்ப 36. பெரும்பாலான கடைகளில் எல்லாமே 36 டிகிரியில் இருக்கின்றன. அதனால் எல்லாம் ஒரே அளவுக்குத் தெரிந்து, கண் எங்கும் நிற்பதில்லை. முக்கியப் பொருளின் மேல் விழும் வெளிச்சம் சுற்றுப்புறத்தைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும்.

வாங்கும்போது டப்பாவில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 என்ற எண்ணையும் கேளுங்கள். சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவது அதுதான். அது குறைந்தால் சிவப்புத் துணி செங்கல் பழுப்பாகத் தெரியும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வினையும் வெண்மையான 4000 கெல்வினையும் ஒரே ஜன்னலில் கலந்தால் பாதித் துணி மஞ்சளடித்ததுபோல் இருக்கும். கடைசியாக ஒன்று: எந்த விளக்கும் நடைபாதையில் வருபவர் கண்ணைப் பார்க்கக் கூடாது. கூசினால் ஆள் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். விளக்கின் முகப்பில் தேன்கூடு வடிவ வலை பொருத்தினால் கூச்சம் அடங்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பொம்மைக்கு உடை மாட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சட்டை கிழிகிறது, கை ஒடிகிறது. முறையாகச் செய்வது எப்படி?

வரிசை தெரியாமல் இழுப்பதால்தான் கிழிகிறது, ஒடிகிறது. முதலில் உடை. மாட்டும் முன்பே ஸ்டீம் அயர்ன் போட்டுவிடுங்கள். பொம்மைமேல் வைத்து நீவினால் ஃபைபர் மேலுள்ள பெயின்ட் கொப்பளிக்கும். பிறகு கைவிரல் பகுதி, கை, மேலுடம்பு என்று கழற்றித் தரையில் விரித்த போர்வையில் வையுங்கள். நகை, கைக்கடிகாரம் போட்டிருப்பவர்கள் கழற்றிவிட வேண்டும். பொம்மையின் கீறலுக்கும் துணியின் நூலிழுப்புக்கும் அவைதான் பெரும்பாலும் காரணம்.

இடுப்புக்குக் கீழுள்ள பகுதியைத் தலைகீழாக, பாதம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். பேன்ட்டைப் பாதத்தின் வழியாக இறக்குங்கள், அப்புறம் காலணி. ஸ்டாண்டின் கம்பி இரண்டு வகை. கெண்டைக்காலில் நுழையும் கம்பி பேன்ட்டின் கால் வழியாக உள்ளேயே ஏறிவிடும், வெளியே அதிகம் தெரியாது. உள்ளங்காலில் நுழையும் கம்பிக்கு, காலணியில் ஓட்டை போட வேண்டியிருக்கும். காலணி காட்டும் கடைக்குக் கெண்டைக்கால் கம்பிதான் சரி. பொம்மையை வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஹீல் உயரத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொம்மையின் பாதம் ஒரு குறிப்பிட்ட ஹீலுக்கென்றே வார்க்கப்பட்டது. பாதத்தைத் தரையில் வைத்து, குதிகாலுக்குக் கீழே எத்தனை செ.மீ. இடைவெளி என்று அளந்து பாதத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். காலணியின் ஹீல் அதிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் மாறினால் பொம்மை முன்னோக்கியோ பின்னோக்கியோ சாயும். சாய்கிற பொம்மையைக் கம்பியை வளைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஒரு வாரத்தில் கம்பியின் சாக்கெட் உடையும்.

இனி கால் பகுதியை ஸ்டாண்டில் நிறுத்தி, மேலுடம்பைப் பூட்டுங்கள். சட்டையின் எல்லாப் பட்டன்களையும் திறந்து, கை இல்லாத மேலுடம்புக்கு மாட்டுங்கள். கையைக் கழுத்துப் பக்கமாக உள்ளே விட்டு, ஸ்லீவுக்குள் இறக்கி, தோளில் பூட்ட வேண்டும். விரல் பகுதி கடைசியில். கை பூட்டும்போது 'டக்' என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கழற்றி மறுபடி பொருத்துங்கள். அழுத்தினால் ஒடியும்.

அதன்பிறகுதான் உண்மையான வேலை. கடைத் துணி பொம்மைக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். மிச்சத் துணியை முதுகுப்பக்கம் சேர்த்து கிளிப் போடுங்கள். குண்டூசி குத்துவதானால் தையல் கோட்டின் மேலேயே குத்துங்கள். பட்டு, தோல், ரெயின்கோட் துணி ஆகியவற்றில் குண்டூசி ஆகவே ஆகாது. ஓட்டை நிற்கும், அந்தத் துணியை விற்க முடியாது. ஸ்லீவுக்குள் டிஷ்யூ பேப்பரை நீளமாகச் சுருட்டி நுழைத்தால் உயிருள்ள கை மாதிரி நிறையும். இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள மூலைக் கடையில் முதுகில் கிளிப் போட்டால் ஊரே பார்க்கும். அங்கே சரியான அளவைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுத்தும்போது பொம்மையை நேராகத் தெருவைப் பார்க்க வைக்காதீர்கள். கூட்டம் எந்தப் பக்கமிருந்து அதிகம் வருகிறதோ அந்தப் பக்கம் 30 முதல் 45 டிகிரி திருப்புங்கள். வருபவர் ஜன்னலை நேராகப் பார்ப்பது கடைசி ஒரு விநாடிதான், அதுவரை பக்கவாட்டில்தான் பார்க்கிறார்.

சீலிங்கிலிருந்து தொங்கவிட்ட பொருட்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு முறை விழுந்தும் விட்டன.

சுற்றுவது ஒற்றை நூலால். ஒரு பொருளை இரண்டு புள்ளிகளில் கட்டி, மேலே இரண்டு இடத்தில் மாட்டுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் இரண்டு நூலும் போதாது, கீழேயும் ஒரு மெல்லிய நூலால் தரையோடு பிடித்துவிடுங்கள்.

விழுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நைலான் நரம்பின் அட்டையில் 20 கிலோ என்று போட்டிருந்தால், அது அறுந்துபோகும் எடை, தொங்கவிடும் எடை இல்லை. முடிச்சு போட்டாலே அந்தப் பலத்தில் நல்ல பங்கு போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோவோடு நிறுத்துங்கள். இரண்டாவது, ஃபால்ஸ் சீலிங்கின் சட்டத்தில் மாட்டுவது. அது தன் பலகையைத் தாங்கத்தான் இருக்கிறது. மேலே கான்க்ரீட்டில் ஆங்கர் அடித்து ஒரு பைப் சட்டம் தொங்கவிட்டுவிட்டால் ஒவ்வொரு டிஸ்ப்ளேவுக்கும் அதுவே உதவும். மூன்றாவது, க்ளூ கன் பசை. வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் சூடு ஏறும்போது அந்தப் பசை இளகும். மாலையில் ஒட்டியது மறுநாள் மதியம் கழன்று விழுவது இப்படித்தான். தொங்கும் எதையும் பசையை மட்டும் நம்பி விடாதீர்கள். ஓட்டை போட்டுக் கட்டுங்கள். ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலே என்றால் நரம்பே வேண்டாம், எஃகு வடம் போடுங்கள், எடை பத்தில் ஒரு பங்கு.

நைலான் முதல் இரவில் நீளும். உயரத்தை மறுநாள் காலையில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்? எத்தனை வரி எழுதலாம்?

ஆள் சாதாரணமாக விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நடக்கிறார். உங்கள் ஜன்னல் 3 மீட்டர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. ஐந்தாறு சொற்களுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். அளவுக்கு ஒரு கணக்கு: 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. எழுத்து. எதிர் நடைபாதை 15 மீட்டர் தள்ளி என்றால் 12.5 செ.மீ.

உள்பக்கம் ஒட்டுவதானால் எழுத்தைத் திருப்பி வெட்டச் சொல்ல வேண்டும், இதை மறந்து மறுபடி வெட்டியவர்கள் ஏராளம். தமிழ் எழுத்தில் புள்ளிகள் தனித்தனித் துண்டுகள். எழுத்தைச் சுற்றியுள்ள மிச்ச வைனில் ஸ்டிக்கரை உரிக்கும்போது அவையும் கூடவே போய்விடும். 'க்' 'க' ஆகிப் பொருளே மாறும். ஒட்டி முடித்ததும் ஒருவர் உரக்கப் படித்துப் பாருங்கள்.

வெயில் நேராகப் படும் கண்ணாடியில், அடர்நிற ஸ்டிக்கரால் பாதியை மட்டும் மூடாதீர்கள். மூடிய பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். டெம்பர் செய்யாத (சூடாக்கி உறுதியாக்காத) கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும். பெரிய அட்டை, பலகை எதையும் கண்ணாடியைத் தொட்டபடி சாய்க்காமல் 5 செ.மீ.யாவது விட்டு நிறுத்துவதும் இதற்காகத்தான்.

எங்களிடம் பட்ஜெட் மிகவும் குறைவு. பெரிய கடைகள்போல் செட் போட முடியாது.

ஒரே மலிவான பொருளை நூற்றுக்கணக்கில் அடுக்குங்கள். ஒரு காகிதக் கூம்பு குப்பை மாதிரி தெரியும். அதுவே 480 இருந்தால் ஆள் நிற்பார். 3 மீட்டர் அகல ஜன்னலுக்கு 40 சரம், சரத்துக்கு 12 கூம்பு. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 8 மணி நேரம்; இரண்டு பேர் ஒரு பகலில் பாதியில் முடிப்பார்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) குறையாத காகிதம் எடுங்கள். மெல்லியது ஈரக்காற்றில் சுருளும். எல்லாச் சரமும் ஒரே நீளத்தில் இருந்தால் திரைச்சீலை போலாகிவிடும். நடுவில் நீளத்தைக் குறைத்து ஒரு குகை மாதிரி வெட்டு விட்டு, அந்த வெற்றிடத்தில் விற்கும் பொருளை ஒன்றே ஒன்று வையுங்கள். காகிதத்துக்குத் தீத்தடுப்புத் திரவம் தெளித்து, விளக்கிலிருந்து அரை மீட்டராவது தள்ளித் தொங்கவிடுங்கள். இதில் சலுகையே கிடையாது. தெர்மாகோலுக்கும் இதே எச்சரிக்கை.

ஜன்னலே சிறியது என்றால் வருத்தப்பட வேண்டாம். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் டிஃபனி நகைக்கடையின் சிறு ஜன்னல்களை 1955 முதல் 1994 வரை ஜீன் மூர் அமைத்தார். சாதாரணப் பொருட்களுக்கு நடுவே ஒரு நகையை வைத்து, கண்ணை அதனிடம் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர் வழி. சிறிய ஜன்னலில் பொருளின் மையம் நடப்பவரின் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நடைபாதையிலிருந்து 140 முதல் 150 செ.மீ.யில் இருக்கட்டும். அதற்குமேல் போனால் ஆள் அண்ணாந்து பார்க்க வேண்டும். யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜன்னலில் வைத்த துணி வெளுத்துவிடுகிறது. யூவி ஃபிலிம் ஒட்டியும் பயனில்லை.

ஃபிலிம் யூவி எனும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சூடும் சாயத்தை வெளுக்கச் செய்யும், அவை உள்ளே வந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துணியை மாற்றுங்கள். வெயில் பக்கம் பார்த்த ஜன்னலில் ஒரு வாரம். நியான் நிறம், இளஞ்சிவப்பு, ஊதா முதலில் போகும். மடித்து வைத்த துணியில் மடிப்பு வரியில் மட்டும் வெளுப்பு விழும். அதனால் மடிப்பை நடுவில் ஒரு முறை மாற்றி மடியுங்கள்.

டிஸ்ப்ளே முடித்துக் கொடுத்த மறுநாளே முதலாளி வந்து, "இடம் காலியாக இருக்கிறதே" என்று இன்னும் நாலு பொருளை வைத்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

இது பழைய சண்டை. 1939-ல் நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடைக்கு ஓவியர் சல்வதோர் தாலி ஜன்னல் அமைத்துக் கொடுத்தார். கடைக்காரர்கள் அவரைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். கோபத்தில் தாலி உள்ளே புகுந்து தள்ளிய குளியல் தொட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது; போலீஸ் அவரைப் பிடித்துப்போனது. உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்பே 1:10 அளவில் ஒரு வரைபடம் போடுங்கள். 3 மீட்டர் ஜன்னல் 30 செ.மீ. தாளில் அடங்கும். காலியாக விடப்போகும் இடத்தைக் கோடு போட்டு நிரப்பி, "இங்கே எதுவும் வராது" என்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காலி இடம்தான் பொருளை எடுத்துக் காட்டுகிறது என்பதை வாயால் சொன்னால் எடுபடாது. முதலாளியை எதிர் நடைபாதைக்குக் கூட்டிப்போய், நாலு பொருள் வைத்தும் எடுத்தும் காட்டுங்கள். அங்கிருந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் தாங்களே எடுத்துவிடச் சொல்வார்கள்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஜன்னலில் உள்ள பொருள் கடைக்குள் எல்லா அளவிலும் இருக்கிறதா, தீர்ந்தால் அந்த இடத்தில் எது வரும் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். விற்றுப்போன பொருள் ஜன்னலில் நிற்பதைவிடக் கெட்டது எதுவுமில்லை.

டிஸ்ப்ளே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பனை கூடினால் போதுமா?

விற்பனை ஆயிரம் காரணத்தால் கூடும். மூன்று எண்களை எண்ணுங்கள்: கடந்துபோனவர்கள், நின்றவர்கள், உள்ளே வந்தவர்கள். 15 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஜன்னலை மாற்றும் முன்பு ஒரு வாரம், மாற்றிய பின்பு ஒரு வாரம், அதே நேரங்களில். மழை பெய்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உதாரணமாக 200 பேர் கடந்து, 18 பேர் நின்று, 5 பேர் உள்ளே வந்தார்கள் என்று வையுங்கள். புதிய ஜன்னலுக்கு நிற்பவர்கள் 30 ஆகி, உள்ளே வருபவர்கள் அதே 5 என்றால் ஜன்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கல் வாசலில்: கதவு கனமாக இருக்கலாம், ஜன்னலில் கண்ட பொருள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படாமல் இருக்கலாம். நிற்பவர்களே கூடவில்லை என்றால் கண் போய் நிற்க ஒரு புள்ளி இல்லை. பொருளைக் குறைத்து, விளக்கைக் குவித்து, மறுபடி எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

கடை மூடிய பிறகு விளக்கை எரியவிடுவது வீண்தானே?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1909-ல் கடை திறந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ், கடை மூடிய பிறகும் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டார். இருட்டியபின் கண்ணாடியில் பிம்பம் இல்லை; ஜன்னல் மிகத் தெளிவாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். தெருவில் நடமாட்டம் ஓயும்வரை மட்டும் டைமர் வையுங்கள். பகல் அளவில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போதும், எனவே மங்கலாக்கும் வசதியுள்ள டிரைவராக (எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) வாங்குங்கள். கிளம்பும் முன் கண்ணாடியின் உள்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பகலில் தெரியாத கைரேகைகள் எல்லாம் இரவு வெளிச்சத்தில் தெரியும்.